எந்தப் படம் என்று கேட்கிறவர்களுக்கு

நான் ஒரு பாட்டைப் போட்டால் கேட்கிறவர் வாயிலிருந்து முதலில் வருவது "எந்தப் படம்?" என்ற கேள்விதான். நன்றாக இருக்கிறதா, யார் வாசித்தது, எந்த ஊர்க்காரர்கள், அதெல்லாம் கிடையாது. படம் இல்லை, இது ஒரு ராக் பேண்ட், அவர்களே எழுதி அவர்களே வாசிப்பது என்று விளக்கினால், "ஓ, படத்துல சான்ஸ் கிடைக்கலையா?" என்பார்கள். அந்த "ஓ"வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாதவனிடம் விசாரிக்கும்போது வருமே, அதே "ஓ".

இருபது வருடமாக இதற்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். கிண்டலாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது, கேப் டிரைவர் அதே கேள்வியைக் கேட்க, கோபத்தில் இல்லாத ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன். "ஆமா சார், பாத்திருக்கேன். செகண்ட் ஹாஃப் சுமார்" என்றார். 

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு கிழக்குத் தாம்பரம், வேலை சிறுசேரியில். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற உத்தியோகம். வேலையில் குறை சொன்னால் சம்பளம் தருகிறார்கள், வீட்டில் சொன்னால் முறைக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் கேபில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் ஏறுகிறவருக்கு முன் சீட்டு. முன் சீட்டில் இருப்பவர் போனில்தான் வண்டியில் பாட்டு. முதலில் ஏறுவது நான். அதனால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை ராஜ்ஜியம் என்னுடையது. மேடவாக்கத்தில் ஒருவன் ஏறுவான். ஏறியதும் "அண்ணா, நம்ம பாட்டு எதாவது போடுங்கண்ணா" என்பான். ராஜ்ஜியம் அங்கே முடிந்துவிடும்.

ஆனால் இதே ஆள்தான் மதியம் கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, புதுசா எதாவது ராக் பேண்ட் சொல்லுங்கண்ணா. யாருக்குமே தெரியாததா சொல்லுங்க" என்று கேட்பவன். இவன் மட்டுமா? எங்கள் தளத்தில் பாதிப் பேர் இப்படித்தான். யாருக்கும் தெரியாத பேண்ட் பெயர் வேண்டும். கேட்பதற்கு அல்ல, தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்கு.

நான் பாட்டு சொல்வதை ஒரு காரியமாகச் செய்கிறவன். கேட்பவருக்கு என்ன பிடிக்கும், காலையில் கேட்பாரா, சமைக்கும்போது கேட்பாரா, வார்த்தை முக்கியமா, தாளம் முக்கியமா என்றெல்லாம் விசாரிப்பேன். இரண்டு நாள் யோசிப்பேன். பத்துப் பாட்டை அள்ளிக் கொட்ட மாட்டேன். ஒரே ஒரு பாட்டு. கூடவே ஒரு குறிப்பு: ஹெட்போனில் கேளுங்கள், நடுவில் தாண்டாதீர்கள், நாலாவது நிமிடத்தில் கிடார் உள்ளே வரும், அதுவரை பொறுத்திருங்கள். பனி உறைந்த ஏதோ ஒரு தீவில் மீன் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே வாசிக்கிற மூன்று பேர், மலையூர் ஒன்றில் சர்ச் ஹாலில் ரெக்கார்ட் செய்த நான்கு பேர், இப்படித் தேடித் தேடி எடுத்து அனுப்புவேன்.

அனுப்பிய ஒன்பது நிமிடப் பாட்டுக்கு ஒன்பது நொடியில் கட்டைவிரல் வந்துவிடும். "சூப்பர்ணா! செம!" எங்கே கேட்டாய் அதற்குள்? கிடாரே இன்னும் வரவில்லையே, எது செம? போனைத் தூக்கி பள்ளிக்கரணை ஏரியில் போட்டுவிடலாமா என்று இருக்கும். ஆனாலும் அடுத்தவர் கேட்டால் மறுபடி இரண்டு நாள் யோசிப்பேன். எனக்கு வெட்கமே கிடையாது.

இப்படி நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்த பேண்ட் ஒன்று உண்டு. எங்கோ இருப்பவர்கள் அல்ல. குரோம்பேட்டையில் இருக்கிறார்கள். மூன்றே பேர். பாடிக்கொண்டே கிடார் வாசிக்கிற பெண் டியூஷன் சென்டர் நடத்துகிறாள். பிள்ளைகள் போனதும் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு அங்கேதான் பயிற்சி. டிரம்ஸ் வாசிப்பவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் போகிறவன். பேஸ் கிடார் வாசிப்பவன் அதிகம் பேச மாட்டான்.

முதலில் நான் அவர்களைக் கேட்டது ஓர் எஞ்சினியரிங் கல்லூரியில். நான் ஆள் எடுக்கும் குழுவோடு போயிருந்தேன், அவர்கள் அங்கே மாணவர்கள். வெளியில் கலைவிழா போட்டி நடந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் சொந்தப் பாட்டு வாசித்தார்கள். நடுவர் மைக்கைப் பிடித்து, சொந்தப் பாட்டு என்றால் சரியாகப் பாடினார்களா என்று எப்படித் தெரியும், ஒப்பிட ஒன்றும் இல்லையே என்று சொல்லி மதிப்பெண் போடாமல் அனுப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று நேர்காணலுக்கு வந்த பிள்ளைகளிடமெல்லாம் சிடுசிடுத்தேன். சாயங்காலம் கேன்டீன் பக்கம் தேடிப்போய் அவர்களிடம் பேசினேன். அதிலிருந்து அவர்கள் எங்கே வாசித்தாலும் நான் முதல் வரிசை.

அவர்கள் பாட்டில் எனக்கு உயிர், தண்ணி லாரி பாட்டு. எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட்டுகளில் லாரி வரவில்லை என்றால் எவரும் குளிக்க முடியாது. அதைப் பற்றிய பாட்டு. பேஸ் கிடார் மட்டும் தனியாக, என்ஜினை அணைக்காமல் நிற்கிற லாரி மாதிரி உறுமிக்கொண்டே தொடங்கும். முதல் சரணம் லாரிக்குக் காத்திருப்பது. இரண்டாவது சரணம் லாரி போன பிறகு. குழாயின் வாயிலிருந்து தெரு நெடுகச் சொட்டிக்கொண்டே போகிற தண்ணீரை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான் விஷயம். அந்த இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடும். எத்தனை தரம் கேட்டாலும் அங்கே கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவேன். இதை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! எத்தனை கட்டைவிரல்!

போன மார்கழியில் டியூஷன் சென்டருக்குப் போனபோது மூன்று பேரும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பேஸ் வாசிப்பவனுக்கு வெளிநாட்டு வேலை வந்துவிட்டது. தை முடிவதற்குள் கிளம்புகிறான்.

"வேற ஆள் கிடைக்காமலா போயிடும்?" என்றேன்.

"இன்னாத்துக்குண்ணா ஆளு?" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன். "நைட் ஷிஃப்ட் முட்ச்சிகினு, தூங்காம வந்து வாசிக்கிறேன். முன்னாடி யார் கீறாங்க? நீ ஒருத்தன் கீற. பேஜாரா கீதுண்ணா. பல்லாவரத்துல ஒரு சர்ச்சுல டிரம்ஸ் கேட்டாங்க, குட்துடலாம்னு கீறேன்."

பாடுகிற பெண் அவனைத் தடுக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள்.

"மேடவாக்கத்துல ஒரு பொங்கல் ஷோ வந்திருக்கில்லண்ணா, நீங்க சொன்னது. அதுல முடிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். எங்க பாட்டை முன்னாடியே கேட்டு, எங்களுக்காகவே வந்த ஆள் ஒருத்தர் இருந்தா போதும், புது ஆள் தேடி விடாம வாசிப்போம். இல்லைன்னா மறுநாள் காலைல டிரம்ஸ் சர்ச்சுக்குப் போகுது."

"ஒருத்தர் என்ன, நான் இருக்கேனே" என்றேன்.

"உங்கள கணக்குல சேர்க்க மாட்டோம்ணா. நீங்க எதுக்கு வேணா வருவீங்க."

இந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு வலித்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

அந்த மேடவாக்கம் ஷோ வந்த கதை வேறு. கேபில் ஏறுகிறானே, கட்டைவிரல்காரன், அவன்தான் அவனுடைய அபார்ட்மென்ட் சங்கத்துக்குக் கலாசாரச் செயலாளர். பொங்கல் விழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வேண்டும், கூப்பிட்டிருந்தவர்கள் வரவில்லை, யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டான். நான் இவர்களைச் சொன்னேன். "நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு ஓகேண்ணா" என்றான். கண்ணை மூடு, காதையாவது திறந்து வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஒருத்தர் போதும் என்றாளே, அந்த ஒருத்தரைத் தேடி இறங்கினேன். இத்தனை வருடத்தில் நான் பாட்டு அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் ஊருக்குப் போகிறார். ஒருவருக்கு மாமனார் வருகிறார். ஒருவர், "மேடவாக்கமா? அந்த டிராஃபிக்குலயா?" என்றார். அவர் இருப்பது மேடவாக்கத்துக்கு அடுத்த ஸ்டாப். "லைவா எதாவது சொல்லுங்க, உடனே வரேன்" என்று என்னைத் துரத்தித் துரத்திக் கேட்ட ஒருவர், "வீடியோ எடுத்து அனுப்பிடுங்க சார்" என்றார். அனுப்பினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா?

விழா அன்று நான் மட்டும்தான் போனேன்.

மேடை அபார்ட்மென்ட் நடுவில், கார் நிறுத்தும் இடத்தில். பின்னால் கரும்பு கட்டியிருந்தது. கோலப் போட்டிப் பரிசளிப்பு முடிந்து, மாறுவேடப் போட்டி முடிந்து, சங்கத் தலைவர் பேச்சு முடிந்து இவர்கள் முறை வந்தபோது சாமியானாவுக்கு அந்தப் பக்கம் தோசைக்கல் சூடாக ஆரம்பித்துவிட்டது. தலைவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறாதவர். "மூணே பேரா? பாடகி ஒருத்தர்தானா? டூயட் எப்படி?" என்று என்னிடம் கவலைப்பட்டார்.

முதல் பாட்டு முடிந்ததும் சீட்டுகள் வர ஆரம்பித்தன. நம் ஊரில் மேடையில் நாலு பேர் வாத்தியத்தோடு நின்றால் போதும், கீழிருந்து துண்டுச்சீட்டில் பாட்டு கேட்டு அனுப்புவது வழக்கம். அவர்கள் யார், என்ன வாசிக்கிறவர்கள் என்பதெல்லாம் அநாவசியம். செயலாளர் பரபரப்பாகச் சீட்டுகளை வாங்கி, சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த அதே தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். எல்லாம் சினிமாப் பாட்டு. பழைய சோகப் பாட்டு, அம்மா பாட்டு, குத்துப் பாட்டு. "பி பிளாக் தாத்தாவின் பிறந்தநாளுக்காக" என்று ஒன்று.

அந்தப் பெண் ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பிரித்துப் படித்தாள். "மன்னிச்சுக்கங்க, நாங்க எங்க பாட்டு மட்டும்தான் வாசிப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கீழே யாரும் சிரிக்கவில்லை. தட்டு மறுபடி நிறைந்தது.

மூன்றாவதாகத் தண்ணி லாரி பாட்டை எடுத்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் சரணம் முடியும்போது தலைவர் மேடை ஓரத்துக்குப் போய், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தோசை ரெடி. அவள் அவரைப் பார்த்தாள், டிரம்ஸ் வாசிப்பவனைப் பார்த்தாள், இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு நேரே கடைசிப் பல்லவிக்குத் தாவிப் பாட்டை முடித்துவிட்டாள். பாதிக் கூட்டம் எழுந்து தோசைப் பக்கம் நகர்ந்தது. கைதட்டியது நானும், கரும்பு கடித்துக்கொண்டிருந்த இன்னும் சிலரும். டிரம்ஸ் வாசிப்பவன் குச்சிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு சரணம். அதற்குக்கூடவா இந்த ஊரில் நேரமில்லை?

அப்போது எனக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஓர் அம்மா எழுந்தார். தலையில் முக்காடு, தோளில் கைப்பை, ஐம்பத்தைந்து வயது இருக்கும். விறுவிறு என்று மேடைக்கு முன்னால் போய் நின்றார். இன்னொரு சினிமாப் பாட்டு, போச்சு என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஒரு சரணத்தை முழுங்கிட்டீங்களே?" என்றார்.

மேடையில் அவள் குனிந்தாள். "என்னக்கா?"

"ரெண்டாவது சரணம். லாரி போனப்புறம் ரோட்டுல சொட்டிக்கிட்டே போகுமே, அந்த இடம். அதுக்குத்தானே மொத்தப் பாட்டும்? அதை விட்டுட்டா மிச்சம் எதுக்கு? நான் இதுக்குன்னு கடையை சீக்கிரம் சாத்திட்டு வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்து, கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடினாள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. "அண்ணா, நீங்க சொல்லி வச்சீங்களா?" என்று அவள் கேட்டது கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது.

"சத்தியமா இல்லம்மா! இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது!" என்று நானும் கத்தினேன்.

அந்த அம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, இந்தப் பாட்டெல்லாம் அனுப்புற ஆபீஸ் அண்ணன்ங்கறது நீங்கதானா?" என்றார். சந்தோஷமாகக் கேட்கவில்லை. புகார் கொடுக்க ஆள் கிடைத்துவிட்ட குரல். "போன மாசம் ஒண்ணு அனுப்பினீங்களே தம்பி, மீன் ஃபேக்டரிக்காரங்க. ஒரே உறுமல். கிடார் வரும் வரும்னு எழுதியிருந்தீங்க, வந்து என்ன பண்ணுச்சு? அதுக்கு முன்னாடி அனுப்பின மலைக்காரங்க பரவாயில்லை. கடைசியில மட்டும் இழுத்துட்டாங்க."

இருபது வருடத்தில் என்னிடம் இப்படிச் சண்டை பிடித்த முதல் ஆள். அவர் கேட்டிருக்கிறார். கடைசி வரை கேட்டிருக்கிறார். நான் செயலாளர் பக்கம் திரும்பினேன். அவன் தட்டை வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"நீங்க அனுப்புறத, 'ஆபீஸ் அண்ணன் அனுப்பினது'ன்னு அப்படியே எங்க அபார்ட்மென்ட் குரூப்புல போட்டுடுவேண்ணா."

"நீ கேட்டியா?"

"டைம் எங்கண்ணா?"

அந்த அம்மாவே விவரம் சொன்னார். சி பிளாக்கில் இருக்கிறார். வீட்டுக்காரரும் அவருமாக மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள். சி பிளாக்குக்கு லாரி சொல்வது, வந்ததும் சம்ப் தொட்டி பக்கத்தில் நின்று தண்ணீர் இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. லாரி சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. நிற்கும் நேரத்தில் போனில் குரூப்பைத் திறந்தால் இந்தப் பாட்டுகள் இருக்கும். வேறு வேலை இல்லாததால் முழுசாகக் கேட்டுப் பழகிவிட்டது. போஸ்டரில் இந்தப் பேண்டின் பெயரைப் பார்த்ததும் தண்ணி லாரிக்காரர்கள் என்று புரிந்துவிட்டது.

மேடையில் அந்தப் பெண் டிரம்ஸ் பக்கம் திரும்பி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒருத்தர். அவன் பைக்குள் போட்ட குச்சிகளை வெளியே எடுத்தான்.

"முதல்லேர்ந்து வாசிக்கட்டுமாக்கா?"

"பின்ன? பாதிலேர்ந்தா?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பேஸ் கிடார் உறுமத் தொடங்கியது. முதல் சரணம் முடிந்தது. தலைவர் கையில் தோசைத் தட்டோடு வந்து எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார். இன்னும் முடியவில்லையா என்று கேட்கத்தான் வந்திருப்பார். டிரம்ஸ் நின்றது. அந்த அமைதியில் அவர் குனிந்து, என் காதருகே, "நல்லாத்தான் இருக்கு. எந்தப் படம்?" என்றார்.

நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டார்.

"படம் இல்ல சார், பாட்டு. சரணம் வருது, கொஞ்சம் சும்மா இருங்க."